செஞ்சியில் பரீட்சை வைத்தால் யார் தேறுவார்?

செஞ்சிக் கோட்டைக்கு எத்தனை மலை? மூன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. செஞ்சியில் பிறந்த எந்தச் சிறுவனைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவான்.

இன்னொரு கேள்வி. 1690-ம் ஆண்டு முதல் 1698 வரை அந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்த மொகலாயத் தளபதி யார்?

சிறுவன் விழிப்பான். அவன் அப்பாவும் விழிப்பார். நெல் மூட்டைகளோடு கமிட்டிக்கு வந்திருக்கும் விவசாயியைக் கேட்டால், "அது எதுக்குங்க இப்போ? நெல்லு என்ன விலை போவுதுன்னு கேளுங்க, சொல்றேன்" என்பார்.

விடை, சுல்பிகார் கான். சிவாஜியின் மகன் ராஜாராம் கோட்டைக்குள் இருந்தார். அவரைப் பிடிப்பதற்காக அவுரங்கசீப் அனுப்பிய தளபதி இவர். இவ்வளவு காலம் காத்துக் கிடந்தும் பலன் என்ன? கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்!

இப்பொழுது ஒரு கற்பனை. "செஞ்சியில் குடியிருக்க வேண்டுமானால் பரீட்சை எழுதித் தேற வேண்டும்" என்று ஓர் உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் என்ன இருக்கும்? சுல்பிகார் கான் இருப்பார். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த ஆண்டு இருக்கும் (1750). அது ஆங்கிலேயர் கைக்குப் போன ஆண்டு இருக்கும் (1761). யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆண்டு இருக்கும் (2025). அந்த அறிவிப்பில் செஞ்சியோடு சேர்ந்த மற்றக் கோட்டைகள் எத்தனை என்றும் கேட்பார்கள் (11, அத்தனையும் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை).

வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஒரு வாரம் புத்தகத்தைப் புரட்டினால் தேறிவிடுவார். கோட்டை வாசலில் நாற்பது வருடமாக வெள்ளரிப் பிஞ்சு விற்கும் கிழவி தேறமாட்டாள். அவள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதானா?

கேள்வித்தாளை அந்தக் கிழவியிடமே கொடுத்துத் தயாரிக்கச் சொன்னால் கதை வேறு. "மல்லாட்டை என்றால் என்ன?" என்று முதல் கேள்வி போடுவாள். மதுரைக்காரர் தலையைச் சொறிவார். (வேர்க்கடலைதான்!) "அமாவாசை ராத்திரி செஞ்சி பஸ் நிலையத்தில் ஏன் அவ்வளவு கூட்டம்?" என்பது இரண்டாவது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோவில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற கூட்டம் அது என்று ஊர்க்குழந்தைக்கும் தெரியும். "ராஜகிரி மலை ஏறும்போது கையில் எதை வைத்திருக்கக் கூடாது?" என்பது மூன்றாவது. தின்பண்டம்! குரங்கு பறித்துவிடும்.

எந்தப் பரீட்சை சரியான பரீட்சை?

தேசிங்கு தேறியிருப்பாரா?

செஞ்சி என்றாலே ராஜா தேசிங்கின் பெயர்தான் முதலில் வரும். கூத்திலும் கதைப்பாட்டிலும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் செஞ்சி ஜனங்கள். அவருடைய குதிரை, நண்பன் மகபத்கான் எல்லாருமே ஊராருக்கு உறவுக்காரர்கள் மாதிரி.

ஆனால் தேசிங்கு யார்? நிஜப் பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். தாய்மொழி தமிழ் அல்ல. தகப்பனார் சொரூப் சிங், மொகலாயர் காலத்தில் இந்தக் கோட்டைக்கு அதிகாரியாக வந்தவர். அவர் இறந்தபின் தேசிங்கு ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். சிறு படையோடு எதிர்த்து நின்று, 1714-ம் ஆண்டு அக்டோபர் மாதம் போரில் மாண்டார்.

ஊர்ச் சரித்திரத்தில் பரீட்சை வைத்திருந்தால் அவர் எத்தனை மார்க்கு வாங்கியிருப்பாரோ! முந்நூறு வருடமாக அவர்தான் செஞ்சி ராஜா. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பிரதமரே தடுமாறினார்

செஞ்சிக்குக் கற்பனை செய்த பரீட்சை, வெளிநாடுகளில் நிஜமாகவே நடக்கிறது. வந்து குடியேறியவர் பிரஜா உரிமை கேட்டால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரீட்சை வைக்கிறார்கள். இங்கிருந்து படித்துப் போன பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் இது வாய்மொழிப் பரீட்சை. 2008 முதல் இருந்த முறைப்படி 100 கேள்விகளை முன்னதாகவே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதிகாரி அவற்றில் பத்து வரை கேட்பார். ஆறு சரியாக இருந்தால் போதும். 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதைக் கடுமையாக்கினார்கள். விண்ணப்பம் போடுகிற புதியவர்களுக்கு 128 கேள்விகள். அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பழைய முறையில், பரீட்சைக்கு வந்த பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். உருப்போட்டுக்கொண்டு வருகிறார்களே!

அங்கேயே பிறந்தவர்கள்? 2018-ல் உட்ரோ வில்சன் அறக்கட்டளை ஒரு சோதனை செய்தது. 1,000 அமெரிக்கர்களிடம் அதே மாதிரிக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தது. தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பெஞ்சமின் பிராங்க்ளின் அந்த நாட்டை உருவாக்கிய பெரியவர்களில் ஒருவர். அவர் மின்சார விளக்கைக் கண்டுபிடித்தவர் என்று நூற்றுக்கு 37 பேர் எழுதி வைத்தார்கள்!

இங்கிலாந்துக் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 2005 முதல் பரீட்சை நடக்கிறது. 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். 2012-ல் அந்நாட்டுப் பிரதமர் டேவிட் காமிரான் அமெரிக்கா போயிருந்தார். டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் இதே மாதிரி இரண்டு கேள்விகளை அவரிடம் கேட்டார்கள். ஒன்று, இங்கிலாந்தின் புகழ்பெற்ற தேசபக்திப் பாட்டு ஒன்றுக்கு இசை அமைத்தவர் யார்? தவறான பெயரைச் சொன்னார். மற்றொன்று, "மாக்னா கார்ட்டா" என்ற லத்தீன் சொற்களுக்கு அர்த்தம் என்ன? ("பெரிய சாசனம்" என்று அர்த்தம்.) அதற்கும் பதில் வரவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்! அதற்காக அவருடைய பிரஜா உரிமையை யாரும் பறிக்கவில்லை. மறுநாளும் அவர்தான் பிரதமர்.

தாம் புரூக்ஸ் என்று ஒரு பேராசிரியர். அமெரிக்காவில் பிறந்து, இந்தப் பரீட்சையை எழுதி இங்கிலாந்துப் பிரஜை ஆனவர். 2013-ல் பாடப்புத்தகத்தைத் திருத்தியபோது, ஆம்புலன்சை அழைப்பது எப்படி, டாக்டரிடம் பெயர் பதிவது எப்படி என்பன போன்ற அன்றாட விஷயங்களை எடுத்துவிட்டுச் சரித்திரத் துணுக்குகளைத் திணித்துவிட்டார்கள் என்று அவர் குறை சொன்னார். நியாயமான குறை. நெஞ்சுவலி வந்தால் சரித்திர ஆண்டா காப்பாற்றும்?

பரீட்சை வேண்டும் என்பவர்கள் பேச்சையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புதிதாக வந்தவர் ஊர்மொழி பேச வேண்டும். கோர்ட்டு எதற்கு, போலீஸ் எதற்கு, ஓட்டு எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஏமாறப் போகிறவர் அவர்தான். அந்த அளவுக்குக் கேட்கட்டும். ஆனால் எந்தக் கேள்வியையும் அச்சடிக்கும் முன்பு, அந்த நாட்டிலேயே பிறந்த தபால்காரரிடமும் காய்கறிக்காரியிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் விழித்தால் அந்தக் கேள்வியை அடித்துவிட வேண்டும். செஞ்சிக் கடைத்தெருவில் இப்படிச் செய்தால் சுல்பிகார் கான் போய்விடுவார், மல்லாட்டை நிற்கும்!

தோற்கடிப்பதற்கென்றே ஒரு பரீட்சை

இதுவரை சொன்னது அசட்டுத்தனம். அசட்டுத்தனத்துக்கு மேல் சூழ்ச்சியும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் 1901-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவருக்கு அதிகாரி 50 வார்த்தைகள் வாசிப்பார். கேட்டு எழுத வேண்டும். எந்த மொழியில்? ஐரோப்பிய மொழி ஏதாவது ஒன்றில். எது என்று தீர்மானிப்பவர் அதிகாரி! வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடாமல் தடுப்பதற்கு இது நல்ல பூட்டாக இருந்தது. பிடிக்காத வெள்ளையர்களுக்கும் பயன்பட்டது. 1934-ல் எகான் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தார். பல மொழி தெரிந்தவர். ஸ்காட்லாந்து மலைநாட்டு மொழியில் வாசித்துக் காட்டி அவரைத் தோற்கடித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போனது. பரீட்சை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் சட்டம் 1958 வரை இருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்களுக்கு அந்த 50 வார்த்தைகளை வாசித்திருந்தால் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்?

தாத்தாவின் சீட்டு எங்கே?

இதெல்லாம் தூரத்துக் கதை. கூப்பிடு தூரத்தில், கடலுக்கு அப்பால் இலங்கையில் நம்மவர்களுக்கு வைத்த பரீட்சையோ இதைவிடக் கொடியது.

தமிழ்நாட்டிலிருந்து போன கூலி ஜனங்கள் இலங்கை மலைநாட்டில் காடு வெட்டிக் காப்பி போட்டார்கள், பிறகு தேயிலை போட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தார்கள். 1947-ம் ஆண்டுத் தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கும் அனுப்பினார்கள். மறு வருடம் இலங்கை சுதந்திரம் அடைந்தது. 1948-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி பிரஜா உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் சரித்திரக் கேள்வி கிடையாது. ஒரே ஒரு கேள்விதான். "நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லாவிட்டால் உன் பாட்டனும் அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்தார்களா? காட்டு பத்திரம்!"

லயத்து வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருந்தவர் முப்பாட்டனின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவார்? சிங்களக் கிராமத்து விவசாயியிடம் மட்டும் அது இருந்ததா? அவரும் தேறியிருக்க மாட்டார். அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஊர் பெயரும் வம்சப் பெயரும் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருடம் இடைவிடாமல் இலங்கையில் வசித்தேன் என்று நிரூபித்தால் பிரஜை ஆகலாம் என்றது. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுப் போட்டார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்தான்! தாய் செத்ததற்கு இந்தியா போய் வந்தவர், இரண்டு மாதம் எங்கே இருந்தார் என்று காகிதம் காட்ட முடியாமல் நின்றார்.

மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவர்கள் ஆனார்கள். 1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் சிறீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்து அவர்களைப் பங்கு போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களைத்தான் இப்படி எண்ணிப் பிரித்தார்கள், தேயிலைப் பெட்டிகளை அல்ல! கடைசியில் 1988-லும் 2003-லும் இலங்கை சட்டம் போட்டு, மிஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுத்தது. 55 வருடம் ஓடிவிட்டது.

அந்தக் கேள்வியைச் செஞ்சியில் கேட்டுப் பார்க்கலாம். "பெரியவரே, உங்கள் பாட்டனார் எங்கே பிறந்தார்? சீட்டு இருக்கிறதா?" அவர் சிரிப்பார். அவருக்கே சீட்டுக் கிடையாது. பெரிய புயல் அடித்த வருடம் பிறந்ததாக அம்மா சொல்லியிருப்பாள். பிறப்பைப் பதிய வேண்டியது கட்டாயம் என்று இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்ததே 1969-ல்தான்.

கையெழுத்துத் தெரியாத ஓட்டு

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டார் மனுப் போட்டால் சாதாரணமாக 12 வருட வாசம் வேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதாவது ஒன்று போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்தாலும் சரி, வங்காளம் தெரிந்தாலும் சரி. அசோகர் பிறந்த வருடத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. இது நல்ல சட்டம்தான். 12 வருடம் இங்கே பால் வாங்கி, பஸ் ஏறி, வரி கட்டிய ஒருவரைக் கேள்வித்தாள் சோதிக்க என்ன இருக்கிறது?

சொந்த ஜனங்கள் விஷயத்தில் நம் தலைவர்கள் இன்னும் துணிச்சலாக நடந்தார்கள். வெள்ளையர் ஆட்சியில் சொத்து உள்ளவர், வரி கட்டுகிறவர், படித்தவர் என்று பார்த்துத்தான் ஓட்டு. சுதந்திர இந்தியா அதைத் தூக்கி எறிந்தது. 21 வயது ஆன எல்லாருக்கும் ஓட்டு என்றது. (பிறகு அது 18 ஆயிற்று.) அப்பொழுது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். "கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு நாட்டை ஆளும் உரிமையா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீக்ரோக்களுக்கு எழுத்துப் பரீட்சை வைத்து ஓட்டுச்சாவடியிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே 1965-ல்தான் அதற்கு முடிவு பிறந்தது.

இங்கே 1951-52 தேர்தலில் பெட்டிக்குப் பெட்டி சின்னம் ஒட்டி வைத்தார்கள். ஏர் பிடித்த கையோடு வந்த விவசாயியும், இடுப்பில் குழந்தையோடு வந்த தாயும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ராஜா தேசிங்கு எந்த வருடம் செத்தார் என்று வாசலில் யாரும் கேட்கவில்லை.