பூப் பார்க்கப் போகலாமா?

ஜப்பான் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வசந்த காலம் வந்தால், குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு விடுவார்கள். எங்கே? பூப் பார்க்க!

பூ வாங்க அல்ல. பறிக்கவும் அல்ல. பார்க்க மட்டும்!

"சகுரா" என்பது ஒரு வகை செர்ரி மரம். இலை விடும் முன்பே கிளை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்து விடும். அந்த மரத்தடியில் பாய் விரிப்பார்கள். கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். பாடுவார்கள், சிரிப்பார்கள். இதற்கு "ஹனமி" என்று பெயர். "பூப் பார்த்தல்" என்பது பொருள்.

பூ நிற்பது ஏறத்தாழ ஒரு வாரம்தான். அதனால் நல்ல இடம் பிடிக்கப் போட்டி! சில கம்பெனிகளில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைக் காலையிலேயே அனுப்பி, மரத்தடியில் விரிப்புப் போட்டுக் காவல் இருக்கச் சொல்வார்கள்.

டோக்கியோவில் யசுகுனி கோவிலில் ஒரு மரம் இருக்கிறது. அதில் 5, 6 பூக்கள் மலர்ந்தால் போதும். "பூ வந்து விட்டது" என்று வானிலை இலாகா அறிவித்து விடும்!

இது முதலில் அரண்மனைக்காரர்களின் பொழுதுபோக்கு. 18-ம் நூற்றாண்டில் யோஷிமுனே என்ற ஆட்சியாளர், அசுகாயாமா என்ற குன்றில் செர்ரி மரங்களை நட்டார். ஏழை எளியவர்களும் அங்கு வந்து மகிழலாம் என்றார். பூ எல்லோருக்கும் சொந்தமாயிற்று.

நம் ஊரில் பூ இல்லையா?

காஞ்சீபுரத்தை அடுத்த ஏனாத்தூருக்கு வாருங்கள். காஞ்சி என்றால் பட்டு. பட்டு என்றால் பூ! சேலையில் மல்லிமொக்கு உண்டு. கரையில் கொடி ஓடும். முந்தானையில் மாங்காய் காய்க்கும்.

ஆனால், அந்தப் பூவை நெய்கிறவர் நிஜப் பூவைப் பார்க்கிறாரா?

ஒரு நெசவாளி வீட்டை நினைத்துப் பாருங்கள். தறிக்குழியில் காலை விட்டு, அவர் காலையில் உட்காருகிறார். மனைவி நூல் சுற்றுகிறாள். வெளியே மரம் பூத்து, உதிர்ந்தும் விடுகிறது. அது அவர்களுக்குத் தெரியாது!

"ஏங்க, ஒரு நாள் தறிக்கு லீவு விடக்கூடாதா?" என்று மனைவி கேட்டால், "சேலையை யார் முடிப்பது? கூலி எப்படி வரும்?" என்பார் கணவர். அவர் சொல்வதும் நியாயம்தான். நெய்தால்தான் கூலி. அதனால் நாள் முழுவதும் வேண்டாம். விடியற்காலை ஒரு மணி நேரம் போதும்!

எப்போது? எங்கே?

தை, மாசியில் மாமரம் பூக்கும். ஏகாம்பரநாதர் கோவிலின் தல விருட்சமே மாமரம்தான். சித்திரையில் வேம்பு பூக்கும். புங்கமரம் பூவை உதிர்த்து, தரையில் பொரி கொட்டியது போல ஆக்கி விடும்.

எல்லாவற்றுக்கும் ராஜா, சரக்கொன்றை. சித்திரை வெயிலில் தங்கச் சரம் சரமாகத் தொங்கும். ஜரிகை தோற்றுப் போகும்! கேரளத்தில் விஷுவன்று இந்தப் பூவில் கண் விழிப்பார்கள்.

ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம், கோவில் நந்தவனம், சாலை ஓரம் ஆகிய இடங்களில் தேடிப் பாருங்கள். வெயில் ஏறும் முன் போய் விடுங்கள். கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். கிளையை ஒடிக்காதீர்கள். கொன்றைக் காயைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். குப்பையை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

பெருமாளே காட்டிய வழி

"இது நமக்குப் பழக்கம் இல்லாத வேலை" என்று சிலர் சொல்லலாம். அது தவறு.

காஞ்சி வரதராஜப் பெருமாள், மாட்டுப் பொங்கல் அன்று பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போகிறார். சித்ரா பவுர்ணமியில் ஐயங்கார்குளத்துக்குப் போகிறார். அங்கு தரைக்குக் கீழே, நடவாவிக் கிணற்று மண்டபத்தில் அவருக்கு உற்சவம். அதற்காகக் கிணற்று நீரை இறைத்து விடுகிறார்கள். ஊரே உடன் போகிறது.

பெருமாளே கோவிலை விட்டு வெளியே வந்து காற்று வாங்குகிறார். மனிதருக்கு மட்டும் வேண்டாமா?

சித்ரா பவுர்ணமி வருவது எந்த மாதம்? கொன்றை பூக்கும் மாதம்! நாளும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. குறைவது மரம் ஒன்றுதான்.

சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டுகிறார்கள். சாலை வேண்டியதுதான். ஆனால், வெட்டிய இடத்துக்கு ஈடாக நட வேண்டாமா? ஏரிக்கரையிலும், சாலை ஓரத்திலும் கொன்றையும் புங்கையும் நட வேண்டும். ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடிக்கும். பஞ்சாயத்து குழி வெட்டட்டும். பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும்.

தமிழர்கள் பூவைத் தலையில் வைக்கிறார்கள். சாமிக்குச் சாத்துகிறார்கள். முழம் போட்டு விற்கிறார்கள். மரத்தில் இருக்கும் பூவை நிமிர்ந்து பார்க்க மட்டும் நேரம் இல்லை!

பிறருக்காகப் பட்டில் பூப் போடுகிறவர், தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு ஒரு நாள் பூப் பார்க்கப் போகட்டும். அதற்குக் காசு வேண்டாம். ஒரு மணி நேரமும், ஒரு மரமும் போதும்!