காணாமற்போன இரண்டாவது டிஸ்க்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வாழும் நம் அன்பர்களின் இல்லங்களில், பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர்கள் சில இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. முதல் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் இரண்டாவதைப் பொருத்தினோம். பிள்ளைகள் மூன்றாவதையும் சேர்த்தனர். கலியாணப் படங்களும், பள்ளிச் சான்றிதழ்களும், விளவங்கோட்டு நிலத்தின் ஆதாரப் பிரதியும் அவற்றில்தான் உள்ளன. 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரிவதற்கு முன் எழுதிய அவ்வாதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருப்பவை. மூலப்பத்திரம் செல்லரித்துவிட்ட வீடுகளில் டிஸ்கிலுள்ள பிரதி ஒன்றே மிச்சம். (அதே 1956-ல்தான் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் ஹார்டு டிஸ்கை அறிவித்தது என்பது வேடிக்கையான பொருத்தம். 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளே கொண்டது அது. இன்றைய கைபேசிப் படம் ஒன்றிரண்டுக்கே சரியாகிவிடும்!)

இத்தகைய பெட்டியில் ஒருநாள் 'டி' டிரைவ் மறைந்துபோகும். அல்லது, "ஃபார்மட் செய்யவேண்டும்" என்று திரை கேட்கும். பதறிப்போய் 'ஆம்' என அமுக்குவோர் உளர். ஃபார்மட் என்பது பழுது பார்த்தலன்று; இருக்கும் அட்டவணையை நீக்கிப் புதியது எழுதுதல். 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்பினும் வேண்டாமென்றே விடுக. நாம் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்கவில்லை. வயரோ, அமைப்போதான் பிழையாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே பாருங்கள். அகன்ற தட்டை நாடாவாக வயர் இருந்தால் அது ஐ.டி.இ. வகை, மெல்லிய வயராயின் சாட்டா.

ஐ.டி.இ. நாடா ஒன்றில் இரண்டு டிஸ்க்குகள் மாட்டலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை டிஸ்கின் பின்புறமுள்ள ஜம்பர் என்னும் சிறு துண்டு தீர்மானிக்கும். இரண்டையும் மாஸ்டர் ஆக்கிவிட்டால், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகளுக்கும் ஒருசேர டோக்கன் கொடுத்த கதைதான். ஒன்று மறையும், சமயத்தில் இரண்டுமே மறையும். ஜம்பரை எங்கே செருகவேண்டும் என்னும் படம் பெரும்பாலும் டிஸ்கின் மேல்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் கேபிள் செலக்டில் வைப்பதானால், 80 கம்பிகளுள்ள நாடாவில் கடைசிக் கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கும், நீல முனை மதர்போர்டுக்கும் உரியவை. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐ.டி.இ. டிஸ்க்குகள் பலவற்றில் தனித்திருக்கும்போது ஓர் அமைப்பு, துணையோடு இருக்கும்போது வேறோர் அமைப்பு. புதிய டிஸ்கை மாட்டியவுடன் பழையது மறைவதற்கு இதுவே காரணமாகலாம். அதே நாடாவில் மாட்டிய சி.டி. டிரைவும் கணக்கில் சேரும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

சாட்டாவில் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி வயர். நன்றாக இயங்கும் டிஸ்கின் வயரைக் காணாத டிஸ்குக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது தெரிந்துவிட்டால் பழைய வயரோ, அது செருகியிருந்த இடமோதான் பழுது. மின்சார வயரையும் அவ்வாறே மாற்றிச் சோதிக்கலாம்.

பிறகு பயாஸ் திரையைப் பாருங்கள். பெட்டியை இயக்கியதும் டெலிட் அல்லது எஃப்2 விசையை அமுக்கினால் பெரும்பாலும் வரும். அங்கே டிஸ்கின் பெயர் தெரிந்து விண்டோசில் மட்டும் தெரியாவிடில், எழுத்துக்குறி விடுபட்டிருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மெண்டில் அதைக் கொடுத்துவிடலாம். கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விட்டதா? சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பாட்டரி தீர்ந்திருக்கும். அதனால் துவக்க வரிசை குலைந்து, விண்டோஸ் இல்லாத டிஸ்கிலிருந்து பெட்டி எழ முயன்று நின்றுவிடுவதுண்டு. புதிய பாட்டரி போட்டு வரிசையைத் திருத்தினால் போதும்.

டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசை விடாது கேட்குமாயின் மேற்கண்ட சோதனை எதுவும் வேண்டாம். மறுபடி மறுபடி இயக்காது, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுசெல்க.

ஐ.டி.இ. நாடா இப்போது எங்கே கிடைக்கும் என்று அன்பர் சிலர் வினவுவதுண்டு. கழித்த கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிடில், ஐ.டி.இ. டிஸ்கை யு.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் ஒன்றை வாங்கி, இரவல் லேப்டாப்பில் இணைத்து ஆதாரப் பிரதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.