புகழ்பெற்ற நடிகரும் நாடகப் பனுவலும்: ‘மனோகரா’வை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

பழம்பெரும் நாடகமொன்றை மீண்டும் மேடையேற்றும்போதும் திரைக்குக் கொண்டுசெல்லும்போதும், அதன் முதன்மைப் பாத்திரங்களில் மக்கள் நன்கறிந்த நடிகர்களை அமர்த்துவது வழக்கம். இவ்வழக்கம் குறித்துத் தமிழ் ஆய்வுலகில் நிலவும் பொதுவான மனநிலை ஐயம் கலந்தது. நடிகரின் புகழ் பாத்திரத்தை விழுங்கிவிடும் என்பதும், பார்ப்போர் நாடகத்தைப் பாராமல் நடிகரையே பார்ப்பர் என்பதும் அடிக்கடி முன்வைக்கப்படும் கருத்துகளாகும். இவற்றுள் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. தமிழ் நாடகப் பனுவல்கள் பல நடிகரை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. எனவே நடிகரின் புகழைப் பனுவலுக்குப் புறம்பானதாகத் தள்ளிவிடாமல், பனுவலின் பொருளை உருவாக்கும் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டு ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அப்புகழால் நேரும் இழப்பு யாது என்பதையும் அவ்வாறு ஆராயும்போதுதான் சரியாக மதிப்பிட இயலும்.

மரபில் நடிகரின் இடம்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை வரிசைப்படுத்திக் கூறுகிறது. அங்கே கவிஞன் தனித்து நிற்பவன் அல்லன். அரங்கை உருவாக்கும் பலருள் ஒருவன். தலைக்கோல் எனும் சிறப்போ ஆடி நின்ற மாதவிக்கே உரியதாகிறது. ‘தலைக்கோலி’ எனும் பட்டம் பெற்ற ஆடல் மகளிரைச் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் காண்கிறோம். கலைஞரின் புகழைப் பட்டமாக்கிப் போற்றும் வழக்கம் திரைப்படத்தோடு தோன்றியதன்று என்பது இவற்றால் தெளிவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் நாடக வரலாறும் இதனையே காட்டுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ‘அபிமன்யு சுந்தரி’யை ஓரிரவில் எழுதி முடித்ததையும், அதன் அபிமன்யு பாத்திரம் சிறுவனாக இருந்த தமக்காகவே அமைந்ததையும் தி. க. சண்முகம் தம் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் பதிவுசெய்துள்ளார். பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தம் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில், நண்பர் ரங்கவடிவேலு ஏற்று நடிப்பதற்கென்றே தம் கதாநாயகிகள் பலரைப் படைத்த செய்தியைக் கூறுகிறார். ஆக, நடிகர் முன்னே நிற்க, பாத்திரம் பின்னே பிறந்த நிலையும் உண்டு. எழுத்து முதலில், நடிப்பு பிறகு என்று நாம் வகுத்துக்கொண்ட வரிசை எல்லா நாடகங்களுக்கும் பொருந்துவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. ஆசிரியன் வகுத்த எல்லைக்குள் நில்லாமல் தம் விருப்பப்படி பாடியும் பேசியும் வந்த பெரிய நடிகர்களால் சுவாமிகள் தொல்லையுற்றார் என்றும், அவர் 1910-இல் சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழுவை அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் நாடக வரலாற்றாசிரியர் கூறுவர். புகழுக்கும் பனுவலுக்கும் இடையிலான இழுபறி தமிழ் மேடையில் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது.

பாத்திரம் நடிகரின் பெயரான வரலாறு

இவ்விழுபறியின் இயல்பை உணர்த்தும் சான்று ஒன்று நம் நடிகர்களின் பெயர்களிலேயே உள்ளது. ஔவையாராக நடித்த தி. க. சண்முகம் ‘அவ்வை சண்முகம்’ ஆனார். பக்த இராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்த இராஜமாணிக்கம் ‘நவாப் இராஜமாணிக்கம்’ ஆனார். அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜியாக நடித்த கணேசன், பெரியாரின் பாராட்டால் ‘சிவாஜி கணேசன்’ ஆனார். இம்மூன்றிலும் பாத்திரம் நடிகரின் பெயருக்கு முன்னொட்டாக நிற்கிறது. பாத்திரம் நடிகருக்குப் புகழைத் தருகிறது. அப்புகழ் அடுத்த பாத்திரத்திற்குள் அவரோடு சேர்ந்தே நுழைகிறது. மேடையில் நாம் காண்பவர் ஒருவராயினும், அவரிடத்தே முன்னைப் பாத்திரங்களின் நினைவும் படிந்துள்ளது. மேலைநாட்டு அரங்கியலில் மார்வின் கார்ல்சன் 2001-இல் வெளியிட்ட நூல், அரங்கினை நினைவுகளின் களமாகக் கொண்டு இத்தகைய படிவுகளை விரிவாக ஆராய்கிறது. தமிழில் அதற்குரிய தரவுகள் மிகுதியாக உள, ஆய்வுகளே குறைவு.

‘மனோகரா’: மூன்று நடிகர்கள், மூன்று நினைவுகள்

இதனை விளக்கப் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ பொருத்தமான சான்றாகும். 1895-இல் சுகுண விலாச சபையின் வழி மேடைகண்ட இந்நாடகத்தில் ஆசிரியரே மனோகரனாக நடித்தார். வழக்கறிஞரும் அலுவலரும் நிறைந்த அப்பயில்முறைக் குழுவில் பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர். பின்னர்த் தொழில்முறைக் குழுக்கள் பலவும் இதனை நடித்தன. 1954-இல் எல். வி. பிரசாத் இயக்கத்திலும் மு. கருணாநிதியின் திரைக்கதை உரையாடலிலும் வெளிவந்த திரைப்படமே இன்று பெரும்பாலோர் அறிந்த ‘மனோகரா’.

அப்படத்தின் பாத்திரத் தேர்வு நுணுகி நோக்கத்தக்கது. பத்மாவதியாக நடித்த கண்ணாம்பா, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘கண்ணகி’ (1942) படத்தில் கண்ணகியாக அரசவையில் நின்று நீதி கேட்டவர். மனோகரனாக நடித்த சிவாஜி கணேசன், ‘பராசக்தி’ (1952) படத்தில் அதே உரையாடலாசிரியரின் சொற்களோடு குணசேகரனாக நீதிமன்றத்தில் நின்றவர். வசந்தசேனையாக நடித்த டி. ஆர். ராஜகுமாரி, ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் நாயகனை மயக்கும் ரம்பாவாக மக்கள் நெஞ்சில் பதிந்தவர். ‘மனோகரா’வின் உச்சமும் அரசவையிலேயே நிகழ்கிறது. நெறிபிறழ்ந்த மன்னன் முன் விலங்கிடப்பட்ட மகனும் இழிவுபடுத்தப்பட்ட தாயும் நிற்கின்றனர். 1954-இல் அக்காட்சியைக் கண்டோர் பத்மாவதியிடம் கண்ணகியையும், மனோகரனிடம் குணசேகரனையும் சேர்த்தே கண்டிருக்க வேண்டும்.

இதனால் விளைந்த பேறு சிறிதன்று. பத்மாவதிக்குக் கண்ணகியின் நினைவு வாய்த்ததால், ஓர் அரண்மனைக் குடும்பப் பூசல் சிலப்பதிகாரம் தொட்டு வரும் அறக்கேள்வியோடு இணைந்தது. அரசியல் பிழைத்தோரை அறம் விடாது எனும் காப்பியக் கருத்து, நாடகத்தில் வெளிப்படையாக எழுதப்படாமலேயே காட்சிக்குள் வந்து சேர்ந்தது. அதனைச் சேர்த்தது நடிகையின் புகழ். பெயரறியா நடிகை ஒருவர் எத்துணைத் திறமுடையவராயினும் இவ்விணைப்பை உருவாக்கியிருத்தல் அரிது. எனவே அறியப்பட்ட நடிகர் பாத்திரத்தை மறைப்பார் என்னும் பொதுவிதி இங்குப் பொருந்தவில்லை. பாத்திரத்தின் ஆழம் அவரால் கூடிற்று என்பதே தகும்.

இழப்பு எங்கே நேர்ந்தது?

பேறு இவ்வாறாக, இழப்பு மற்றொரு பாத்திரத்தில் நேர்ந்தது. சம்பந்த முதலியாரின் நாடகம் அடக்கத்தின் நாடகம். தந்தையையும் வசந்தசேனையையும் எதிர்க்கும் ஆற்றல் இருந்தும், தாய்க்கு அளித்த வாக்கினால் மனோகரன் கட்டுண்டு நிற்கிறான். அவனைப் பிணித்திருக்கும் உண்மையான விலங்கு தாயின் சொல்லே. இரும்பு விலங்கு அதன் புறத்தோற்றம். ஆகவே நாடகத்தின் அச்சு பத்மாவதி. மனோகரனின் பேசாமையே அவனது பெருமை. குணசேகரனின் நினைவோடு வரும் நடிகரிடமிருந்து பார்வையாளர் எதிர்பார்ப்பதோ பேச்சு, அதிலும் அடுக்குமொழி. எதிர்பார்ப்பிற்கேற்ப உரையாடல் விரிந்தது. அரசவை சொற்போர்க் களமாயிற்று. அடக்கத்தால் உயர்ந்த பாத்திரம் முழக்கத்தால் உயர்ந்தது. அது திரைப்படம் என்ற வகையில் வெற்றியே. ஆனால் மூலநாடகம் கேட்ட கேள்வி வேறு, படம் கேட்ட கேள்வி வேறு.

அதனினும் பெரிய இழப்பு ஆசிரியரின் பெயர் சார்ந்தது. ‘மனோகரா’ என்றவுடன் நடிகரும் உரையாடலாசிரியரும் நினைவுக்கு வருகின்றனர். 1895-இல் அதனைப் படைத்தவர் பலருக்கும் நினைவில் இல்லை. சம்பந்த முதலியாரின் மூல உரையாடலைத் திரைப்பட உரையாடலோடு காட்சி காட்சியாக ஒப்பிட்டு, நடிகரை முன்னிட்டு நேர்ந்த மாற்றங்களை வகைப்படுத்தும் பணி தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். திரைப்படத்தை இலக்கியத்திற்குப் புறம்பானதென்று நாம் ஒதுக்கியதால், மூலத்தையும் அதனோடு சேர்த்து ஒதுக்கிவிட்டோம் எனத் தோன்றுகிறது.

நடிகர் இல்லாத பனுவலின் நிலை

புகழ்பெற்ற நடிகரைத் தவிர்த்தால் பனுவல் தூய்மையாக வாழும் என்று கருதுவோர், சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீய’த்தை (1891) எண்ணிப்பார்த்தல் நன்று. படிப்பதற்குரிய கவிதை நாடகமாக, எந்நடிகரையும் முன்னிறுத்தாமல் எழுதப்பட்ட நூல் அது. பாடத்திட்டங்களில் அதற்கு நிலைத்த இடமுண்டு. அதன் வாழ்த்துப்பாடல் 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கிறது. 1942-இல் பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த ‘மனோன்மணி’ திரைப்படமாகவும் அது உருப்பெற்றது. ஆயினும் குடிலனின் சூழ்ச்சியும் சீவகனின் பேதைமையும் மேடை வழக்கில் வேரூன்றவில்லை. மறுபுறம், கிட்டப்பா–கே. பி. சுந்தராம்பாள் இணை நடித்துப் புகழ்பரப்பிய ‘வள்ளி திருமணம்’, இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுகிறது. வள்ளி யார், நாரதர் யார், பபூன் யார் என்று கேட்டே மக்கள் கூடுகின்றனர். கதையை அறியாதார் அங்கில்லை. அறிந்த கதையை இந்நடிகர் எவ்வாறு தர்க்கம் செய்து நிறைவேற்றுவார் என்பதே அவர்தம் ஆவல். சுவாமிகளின் பாடல்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் வாய்மொழியில் வாழ்வதற்கு நடிகரின் பெயர்மீது மக்கள் கொண்ட ஈடுபாடும் ஒரு காரணம்.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் ஆய்வாளரின் எண்ணத்திற்கு முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, நாடகப் பனுவல்களைப் பதிப்பிக்கும்போது பாடவேறுபாடு காட்டுவதுபோல், எக்காலத்தில் எக்குழுவில் எவர் எப்பாத்திரத்தை ஏற்றார் என்னும் நடிப்பு வரலாறும் பின்னிணைப்பாக இடம்பெற வேண்டும். நாடக விளம்பரத் தாள்கள், பாட்டுப் புத்தகங்கள், நடிகர்களின் தன்வரலாறுகள் ஆகியன இதற்குரிய மூலங்கள். இவற்றுள் முதலிரண்டும் நொறுங்கும் தாளில் அச்சானவை, காலந்தாழ்த்தினால் கிடைக்கமாட்டா.

இரண்டாவது, முனைவர் பட்ட ஆய்வுகளில் ‘பாத்திரப் படைப்பு’ எனும் இயல் பெரும்பாலும் எழுத்தளவில் நின்றுவிடுகிறது. அப்பாத்திரத்தை ஏற்ற நடிகர்கள் அதன் பொருளை எவ்வாறு மாற்றினர் என்பதையும் அவ்வியல் உள்ளடக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய நாடகமொன்றைப் புகழ்பெற்ற நடிகரைக் கொண்டு நிகழ்த்துவோர், மூலத்தில் செய்த மாற்றங்களைத் தழுவியோர் பெயரால் தனியே அறிவித்தலும், மூல ஆசிரியரின் பெயரை நடிகரின் பெயருக்கு இணையாக அச்சிடுதலும் அறமாகும். நடிகரின் புகழுக்கேற்பப் பாத்திரத்தை விரிப்பதினும், பாத்திரத்தின் தேவைக்கேற்ற நினைவுகளைச் சுமந்து வரும் நடிகரைத் தேர்வதே சிறந்தது. கண்ணாம்பாவின் பத்மாவதி அதற்கு வழிகாட்டி.

முடிவுரை

செவ்வியல் நாடகத்தில் அறியப்பட்ட நடிகரை அமர்த்துவது தன்னளவில் குற்றமும் அன்று, சிறப்பும் அன்று. அந்நடிகர் கொண்டுவரும் நினைவு பாத்திரத்தின் அச்சோடு பொருந்துகிறதா, அதனை இடம்பெயர்க்கிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும். ஒரே படத்தில் பத்மாவதி ஆழம் பெற்றதும் மனோகரன் திசைமாறியதும் இவ்வளவுகோலின் தேவையைப் புலப்படுத்துகின்றன. மாதவியின் தகுதியையும் கவிஞனின் தகுதியையும் ஒரே காதையில் வைத்துப் பேசிய மரபுக்கு உரியோர் நாம். பனுவலாய்வையும் நடிப்பாய்வையும் வெவ்வேறு துறைகளாகப் பிரித்து வைத்திருப்பது அம்மரபுக்கு ஒவ்வாது. ‘மனோகரா’வின் 1895 மேடைக்கும் 1954 திரைக்கும் இடைப்பட்ட அறுபதாண்டு நடிப்பு வரலாறு முறையாகத் தொகுக்கப்படுமாயின், சம்பந்த முதலியாரின் பெயர் அவர்தம் நாடகத்தோடு மீண்டும் சேரும். அத்தொகுப்பை இந்நாடகத்திலிருந்தே தொடங்கலாம்.