வாக்கு எங்கே வீணாகிறது?

தேர்தல் காலம் வந்ததும் பெரிய கட்சிகளின் மேடைகளிலிருந்து தவறாது எழும் கூக்குரல் ஒன்று உண்டு. வெல்ல மாட்டாதவனுக்கு வாக்களித்து உங்கள் வாக்கை வீணாக்காதீர்கள் என்பதே அது. தமிழ் வாக்காளருக்கு இக்குரல் புதியதன்று. கொழும்பில் ஆட்சி அமைக்கப் போகிறவர்களோடு சேர்ந்து நில்லுங்கள், தனித்து நின்று என்ன கண்டீர்கள் என்ற கேள்வியைக் கேளாத தலைமுறை நம்மிடையே இல்லை. இதே கேள்வியைப் பிரித்தானியாவிலே ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்த ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்கள் ஓர் இனத்தின் உரிமைக்காகத் தேர்தலில் நின்றவர்களல்லர். ஆற்றுக்கும் காற்றுக்கும் மண்ணுக்குமாக நின்றவர்கள். 2024 யூலை 4 ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் அவர்களுக்கு நான்கு ஆசனங்கள் கிடைத்தன.

அறுநூற்றைம்பது ஆசனங்களில் நான்கு! இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். அந்த நான்கில் இரண்டு, கமக்காரர் வாழும் நாட்டுப்புறத் தொகுதிகள். அதுவே நம்மை எழுத வைத்தது.

1970களின் தொடக்கத்தில், கொவென்றி நகரத்திலே ஒரு சிலர் கூடித் தொடங்கிய கட்சி இது. முதலில் 'மக்கள்' என்ற பெயரும், 1975 இல் 'சூழலியற் கட்சி' என்ற பெயரும், 1985 இல் 'பசுமைக் கட்சி' என்ற பெயரும் பூண்டது. 1979 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 53 அபேட்சகர்களை நிறுத்திற்று. அக்காலத்தில் அங்கே கட்டுப்பணம் 150 பவுண். அளிக்கப்பட்ட வாக்குகளில் எட்டிலொரு பங்கு பெறாதவர் அதை இழக்க வேண்டும். ஐம்பத்து மூவரும் இழந்தனர். சராசரியாக அவர்கள் பெற்றது நூற்றுக்கு ஒன்றரை வாக்கு. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் நின்றார்கள்? ஐம்பது அபேட்சகர்களை நிறுத்திய கட்சிக்கே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச இடங் கிடைக்கும் என்பது அன்று அந்நாட்டு வழக்கமாயிருந்தது. கட்டுப்பணத்தைக் கொடுத்துச் சில நிமிடப் பேச்சுரிமையை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். அதை வீண் செலவு என்று நாம் கருதவில்லை.

பத்தாண்டு கழிந்தது. 1989 ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அதே கட்சிக்கு ஏறத்தாழ 23 இலட்சம் வாக்குகள் விழுந்தன. நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவு. ஆசனம் எத்தனை? ஒன்றுமில்லை. அதே தேர்தலில் மேற்கு ஜேர்மனியின் பசுமைக் கட்சியார் 8.4 வீத வாக்குப் பெற்று எட்டு ஆசனங்களைக் கைப்பற்றினர். அங்கே விகிதாசார முறை. இங்கே ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறை. ஜேர்மனியரின் தேசியத் தேர்தலிலும் இவ்வாறே. நூற்றுக்கு ஐந்து என்ற வரம்பைத் தாண்டினாற் போதும். 1983 இல் 5.6 வீதத்துடன் 27 பேர் பொன் நகரத்துப் பாராளுமன்றத்தினுள் நுழைந்தனர். பதினைந்து வருடத்தில், 1998 இல், அக்கட்சி மத்திய ஆட்சியிலேயே பங்குகொண்டது. பிரித்தானியப் பசுமைக் கட்சியாரோ பாராளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்ப 2010 வரை காத்திருக்க நேர்ந்தது.

தேர்தல் முறை அநீதியானது என்று சொல்லி இவ்விடத்திலே நிறுத்திவிடுவது இலகு. பலரும் அவ்வாறே நிறுத்துகின்றனர். நாம் அப்படி நிறுத்த முடியாது. ஏனெனில் அதே அநீதியான முறை நம்மவர்க்கு ஒருமுறை ஆதாயமாயிருந்தது.

1977 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அன்று இலங்கையிலும் தொகுதி முறையே இருந்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி நாடெங்கும் முப்பது வீதத்தை நெருங்கிய வாக்குகளைப் பெற்றது. கிடைத்தது எட்டு ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்ற வாக்கு ஏழு வீதத்துக்குங் குறைவு. கிடைத்தது பதினெட்டு ஆசனம். எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் அமிர்தலிங்கம் அவர்களைத் தேடி வந்தது. இனி 2024 இன் பிரித்தானியாவைப் பாருங்கள். பசுமைக் கட்சிகள் யாவும் சேர்ந்து பெற்ற வாக்கு 6.7 வீதம், ஏறக்குறைய அன்று கூட்டணி பெற்ற அதே பங்கு. ஆசனம் நான்கு. அதே தேர்தலில் லிபரல் ஜனநாயகவாதிகள் 35 இலட்சம் வாக்குக்கு 72 ஆசனம் பெற்றனர்; சீர்திருத்தக் கட்சியார் 41 இலட்சம் வாக்குக்கு ஐந்தே பெற்றனர். தொழிற்கட்சியோ 33.7 வீத வாக்கில் 411 ஆசனங்களை வாரிக்கொண்டது.

கூட்டணியின் வாக்கு வடக்கிலும் கிழக்கிலும் திரண்டு நின்றது. அதற்குக் காலூன்ற ஒரு நிலம் இருந்தது. பசுமைக் கட்சியின் வாக்கோ பனியைப் போல் நாடெங்கும் மெல்லிதாய்ப் படர்ந்து, வெயில் ஏறியதும் மறைந்தது. காற்று எல்லாருக்கும் பொது, கடல் எல்லாருக்கும் பொது என்று பேசுகிறவனுக்கு எல்லா ஊரிலும் நாலு பேர் தலையாட்டுவார்கள். எந்த ஊரிலும் அவன் வெல்ல மாட்டான். வாக்கு வீணாவது சிறிய கட்சிக்குப் போவதனால் அன்று, இடமில்லாத கட்சிக்குப் போவதனால் என்பதே நம் கருத்து. நான்கு ஆசனங்களும் அக்கட்சியார் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்ட கதை.

நகரத்துத் தொகுதிகள் இரண்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரைட்டனில் கரோலின் லூக்கஸ் அம்மையார் 2010 இல் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்று, பின் மூன்று தேர்தல்களிலும் அதைக் காத்து, 2024 இல் சியான் பெரி அம்மையாரிடம் ஒப்படைத்தார். பிரிஸ்டல் மத்திய தொகுதியில் கார்லா டெனியர் அம்மையார் வென்றார். மாணவரும் இளைஞரும் மலிந்த ஊர்கள் அவை. பிரிஸ்டலில் தோற்றவர் தொழிற்கட்சியின் முன்னணியாளருள் ஒருவரான தங்கம் டெபனேர் அம்மையார். 'தங்கம்' என்ற நம் பெயரைத் தாங்கியவர் என்பதால் நம் வீடுகளிலும் அன்று சிலர் வருந்தியிருக்கக் கூடும்.

வியப்புக்குரியது வட ஹெரபோட்ஷயர். வேல்சின் எல்லையோரத்தில், மாடும் ஆப்பிளும் கோழியும் நிறைந்த கமத்தொழில் நாடு அது. கன்சர்வேட்டிவ் கட்சியின் பில் விகின் 2001 முதல் அப்பகுதியின் பிரதிநிதி. 2019 இல் அங்கே பசுமைக் கட்சிக்கு விழுந்தது நூற்றுக்குப் பத்திலுங் குறைவு. ஐந்தே ஆண்டில், அதே எலி சௌன்ஸ் அம்மையார் அதே தொகுதியில் 43 வீத வாக்குப் பெற்று வென்றார். என்ன நடந்தது?

வை என்றோர் ஆறு வேல்ஸ் மலையிற் பிறந்து ஹெரபோட்ஷயரை ஊடறுத்துக் கடலுக்குப் போகிறது. லக் என்பது அதன் கிளையாறு. வட ஹெரபோட்ஷயர் வழியே ஓடி வை ஆற்றிற் கலப்பது. இவ்வடிநிலத்திலே இரண்டு கோடிக்கு மேற்பட்ட கோழிகள் பெருங் கொட்டில்களில் வளர்க்கப்படுகின்றன. கோழி எரு நல்ல பசளை என்பது நம் கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஆனால் பயிர் உண்ணக் கூடியதற்கு மேலாக ஆண்டாண்டாய்க் கொட்டினால் அதிலுள்ள பொசுபேற்று மண்ணிலே தேங்கும். மழை அதைக் கழுவி ஆற்றிற் சேர்க்கும். நகரங்களின் கழிவுநீரும் சேர்ந்துகொள்ளும். கோடையில் பாசி கொழித்து, ஆறு பச்சையாய்த் தடித்து ஓடும். அடியிலுள்ள நீர்ச் செடிகளுக்கு ஒளி கிடையாது. மீனுக்கு மூச்சுவிட ஒட்சிசன் போதாது. சமன் மீனுக்குப் பேர்போன அந்த ஆற்றின் நிலை 'சீர்கெட்டு வருகிறது' என்று அரசாங்கத்தின் இயற்கை பேணும் நிறுவனமே 2023 இல் தரம் இறக்கிற்று.

இன்னுமொன்று நடந்தது. லக் ஆறு ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிய பொசுபேற்றைச் சுமக்கிறது, இனி ஒரு வீட்டின் கழிவையும் அது தாங்காது என்ற காரணத்தால், 2019 முதல் அதன் வடிநிலத்திலே புதிய வீடுகளுக்கான அனுமதி தடைப்பட்டது. ஆற்றை ஒரு நாளும் திரும்பிப் பாராத மேசனும் தச்சனும், காணி வாங்கி வீடு கட்டக் காத்திருந்த இளந் தம்பதிகளும் அன்று ஆற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினர். சுற்றாடல் என்பது படித்தவரின் பொழுதுபோக்கு என்றிருந்த பேச்சு, கூலிக்காரனின் அடுப்படி வரை வந்துவிட்டது.

சௌன்ஸ் அம்மையார் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னதாக வந்து இறங்கியவரல்லர். 2017 முதல் அவ்வூர் உள்ளூராட்சி மன்றத்தில் இருந்தவர். அம்மன்ற நிருவாகத்திற் சுற்றாடற் பொறுப்பை வகித்தவர். குழியான தெருவுக்கும் வராத பஸ்ஸுக்கும் பதில் சொல்லி வந்தவர் ஆற்றைப் பற்றிப் பேசியபோது மக்கள் செவிகொடுத்தனர். நம் அரசியல்வாதிகள் பலர் உள்ளூராட்சி மன்றங்களைப் பாராளுமன்றம் கிட்டாதவர்க்கு இடும் பிச்சையாகக் கருதுகின்றனர். இவர்கள் அங்கிருந்தே படியேறினர்.

வெற்றியை மிகைப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சி நாடெங்குஞ் சரிந்த ஆண்டு அது. அதன் வாக்கிற் பெரும்பங்கைச் சீர்திருத்தக் கட்சி பிளந்தது. அவ்விரண்டும் ஒன்றாய் நின்றிருந்தால் வட ஹெரபோட்ஷயரின் முடிவே மாறியிருக்கலாம். மேலும், இங்கே கன்சர்வேட்டிவ் கட்சியை வெல்ல வல்லவர்கள் நாங்களே, எங்களுக்கே வாக்களியுங்கள் என்று தொழிற்கட்சி, லிபரல் வாக்காளரிடம் பசுமைக் கட்சியார் கேட்டனர். வாக்கை வீணாக்காதீர்கள் என்ற அந்தப் பழைய மந்திரத்தைத்தான் அவர்களும் ஓதினார்கள்! ஐம்பது ஆண்டு அடிபட்டவன் அதே கோலைக் கையிலெடுத்ததை நாம் குற்றமாகச் சொல்லவில்லை.

இரண்டாவது நாட்டுப்புறத் தொகுதி வேவனிப் பள்ளத்தாக்கு. நோர்போக், சபோக் மாகாணங்களின் எல்லையில் 2024 இல் புதிதாய் அமைந்தது. அதன் ஒரு பகுதி அடங்கிய மத்திய சபோக் மன்றத்தில் 2023 இல் 34 ஆசனங்களில் 24 ஐ வென்று, பிரித்தானியாவிலேயே முதன்முதலாகப் பசுமைக் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. அடுத்த ஆண்டு ஏட்ரியன் றாம்சே பாராளுமன்றம் சென்றார். சென்றவர் முதலிற் பேசியவற்றுள் ஒன்று எது? கடலிலே காற்றாலைகள் பிறப்பிக்கும் மின்சாரத்தைத் தெற்கே கொண்டு செல்ல, நோரிச்சிலிருந்து டில்பரி வரை நாட்டுப்புறத்தினூடாக உயர்ந்த கோபுரங்களை நட்டுக் கம்பி இழுக்கும் திட்டத்தை நிறுத்தி வைத்து வேறு வழியை ஆராய வேண்டும் என்பதே. காற்றாலை வேண்டும் என்கிற கட்சியின் தலைவர்களுள் ஒருவர் காற்றாலையின் கம்பியை மறிப்பதா என்று எதிரிகள் நகைத்தனர். அந்த நகைப்பிலே நியாயம் இல்லாமலில்லை. ஊர் தந்த ஆசனம் ஊரின் கட்டளையையுங் கூடவே தரும். இடம் தேடிய கொள்கைக்கு இடமே விலங்காகவும் ஆகலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். விகிதாசார முறை இங்கே வந்துவிட்டது. மாவட்டத்தில் ஐந்து வீத வரம்பைத் தாண்டினாற் போட்டியில் நிற்கலாம். எனினும் பசுமை என்ற சொல்லை இன்று ஓர் அபேட்சகர் கமக்காரர் முன் உச்சரிக்கத் துணிவாரா? கோத்தாபய ராஜபக்ஷ 2019 இல் வாக்குக் கேட்டபோது பத்தாண்டில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றார். 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் மறித்தார். நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டை நாடறியும். சுற்றாடலின் பெயரால், சுற்றாடலில் உழைப்பவனைக் கேளாமலே செய்த காரியம் அது. எந்தப் பசுமை அபேட்சகரும் அதைச் செய்யவில்லை. ஆயினும் அந்தப் பழியை இனி வரும் ஒவ்வொருவரும் சுமக்கத்தான் வேண்டும்.

அதனால் பிரச்சினை இல்லையென்று ஆகிவிடுமா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கும் மழைநீரே நமக்கு ஆறு, குளம், குடிநீர் எல்லாம். வலிகாமத்துத் தோட்டங்களிலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இட்ட உரமும், நெருக்கமான குடியிருப்புகளின் மலக்குழிகளும் அந்நீரில் நைத்திரேற்றைக் கலந்து வருவதை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக எடுத்துக் காட்டி வந்திருக்கின்றனர். குழந்தைக்குப் பாலைக் கரைக்கும் நீர் அது. வை ஆற்றின் கோழிக் கொட்டிற்காரனைப் போலவே நம் தோட்டக்காரனும் ஒரே வேளையில் நீரைக் கெடுப்பவனும் கெட்ட நீரைக் குடிப்பவனுமாய் இருக்கிறான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வாக்குக் கேட்க முடியாது; அவன் தவறே செய்யவில்லை என்று முகமன் கூறி வாக்கு வாங்கினாலும் கிணறு தெளியாது.

நீரை முன்வைத்து ஓர் அபேட்சகர் நாளை உரும்பிராயிலோ சங்கானையிலோ தோட்டக் கிணற்றுக் கட்டில் வந்து நிற்பாரானால், அவரை அவ்வூர்க் கமக்காரர் முதலிற் கேட்கப் போவது துருவத்துப் பனிப்பாறையைப் பற்றியன்று. இரண்டு கேள்விகள் கேட்பர். 2021 இல் உரமின்றிப் பயிர் மஞ்சளித்து நின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் ஐயா என்பது ஒன்று. உரத்தைப் பாதியாய்க் குறைத்தால் விளைச்சலில் விழும் துண்டை யார் கட்டுவது என்பது மற்றது.