விண்ணப்பத்தை வெப்சைட்டுக்குள் ஒட்டாதீர்கள் தம்பிமாரே



கொஞ்சம் நீளமான பதிவு. ஊர் இணையத்தளக் குழுவில் இருக்கும் தம்பிமார் கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

கல்வி உதவிக்கான விண்ணப்பத்தை இந்த முறை இணையத்தில் எடுக்கப் போகிறீர்கள். நல்ல வேலை, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கூகுள் ஃபோமை முகப்புப் பக்கத்துக்குள்ளேயே எம்பெட் பண்ணுவதாக முடிவு எடுத்திருக்கிறீர்களாம். "லிங் கொடுத்தால் மலிவாத் தெரியும் சேர், உள்ளுக்குள்ள வச்சாத்தான் புரொபெஷனல்" என்று ஒரு தம்பி விளக்கமும் சொன்னார். ஓலைத்தொடுவாயிலும் பக்கத்து ஊர்களிலும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாலு பேர் நாங்கள் இதை எதிர்க்கிறோம். யாருக்குப் புரொபெஷனல் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறோம். வேறொரு உதவி அமைப்பு, பெயர் வேண்டாம், இப்படித்தான் தன் தளத்துக்குள் ஃபோமை ஒட்டி வைத்திருந்தது. எங்கள் மாணவி ஒருத்தியின் உம்மா மூன்று நாள் பாடசாலைக்கு நடந்து வந்தார். "நிரப்புறேன் சேர், அனுப்புற பட்டனைக் காணல்ல" என்றார். போனை வாங்கிப் பார்த்தோம். கூகுள் தரும் எம்பெட் கோட்டில் அகலம் 640 என்று இருக்கும். அவர் கையில் இருந்த போனின் திரை அதில் பாதியை விடக் கொஞ்சம் கூட. வலப்பக்கம் வெட்டுப்பட்டுப் போனது. உயரமும் கட்டிப்போட்ட உயரம், அதனால் பக்கத்துக்குள் இன்னொரு பக்கம். வெளியே இழுத்தால் தளம் நகருகிறது, உள்ளே இழுத்தால் ஃபோம் நகருகிறது. பட்டன் உள்ளே அடியில் கிடக்கிறது. லெப்டொப்பில் செய்து லெப்டொப்பிலேயே பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது அடையாள அட்டைப் படம் ஏற்றும் இடம். கூகுள் ஃபோமில் கோப்பு ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். அந்த நுழைவுப் பக்கம் இன்னொரு தளத்தின் சட்டத்துக்குள் திறக்காது. பாதுகாப்புக்காக கூகுளே அப்படி வைத்திருக்கிறது. அந்த உம்மாவின் போனில் இருந்த கணக்கு போன் கடைக்காரர் திறந்து கொடுத்தது, கடவுச்சொல் கடைக்காரருக்குத்தான் தெரியும். கடைசியில் எங்கள் போனில், தனி டெப்பில், எங்கள் கணக்கால் நிரப்பி அனுப்பினோம்.

அனுப்பிய பிறகுதான் பெரிய விஷயம். நன்றி சொன்ன பக்கத்திலேயே முந்தைய பதில்களைப் பார்க்க ஒரு லிங் இருந்தது. அமத்தினோம். எல்லாருடைய பதிலும் அங்கே. பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், வருமானம், "உதவி தேவைப்படும் காரணம்" என்ற கேள்விக்கு ஒவ்வொரு தாயும் எழுதியது. கணவர் விட்டுப் போனதை எழுதியவர்கள், வட்டிக் கடனை எழுதியவர்கள். ஃபோமின் செட்டிங்கில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, யாரோ போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். நாங்கள் போனை மூடிக்கொண்டோம். அந்த உம்மா பக்கத்தில்தான் நின்றார், அவர் எழுதியதும் அதற்குள் இருந்தது. பிறகு அமைப்புக்கு அறிவித்தோம், நிறுத்தினார்கள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ.

"சுவிட்ச் பிழை வேறு, எம்பெட் வேறு" என்பீர்கள். சரி. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று: நிரப்புகிறவரின் கையில் இருக்கும் போனில், அவர் போகும் வழியில், கடைசி வரைக்கும் யாரும் ஒரு தடவை போய்ப் பார்க்கவில்லை.

எம்பெட்டில் இன்னொரு பிழையும் இருக்கிறது, அதை அமானிதம் சார்ந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். மேலே முகவரிப் பட்டையில் ஊரின் பெயர். ஊரை நம்பித்தான் தாய்மார் எழுதுகிறார்கள். தகவல் போய்ச் சேருவது யாரோ ஒருவரின் கூகுள் டிரைவுக்கு. லிங்காகத் திறந்தால் குறைந்தது கூகுளின் முகவரியாவது கண்ணுக்குத் தெரியும். ஒட்டி வைத்தால் அதுவும் மறைந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் இல்லை. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 இல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாக நான்கு இலக்கம். இலக்கத்தைக் கேட்டுவிட்டு, கீழே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் கட்டாயக் கேள்வியாக வைத்திருக்கும் உங்கள் மாதிரிப் படிவத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் எடு என்றுதான் சொல்கிறது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்க உம்மாவின் அட்டைப் படம் எதற்கு?

"நிரந்தர முகவரி" என்றும் ஒரு கட்டாயக் கேள்வி. 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய சமூகம் நாங்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதி புத்தளத்தில், சிலருக்கு வீடு இரண்டு இடத்திலும், சிலருக்கு ஓரிடத்திலும் இல்லை. வாக்காளர் பதிவு, மீள்குடியேற்றம், நிவாரணம் என்று எந்தப் பட்டியல் எடுத்தாலும் "இவர் இங்கேயா அங்கேயா" என்ற சண்டையில்தான் முடிந்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு முகவரி ஒரு வரிப் பதில் இல்லை. ஊர்த் தளமே அந்தச் சண்டைக்கு இன்னொரு பட்டியல் செய்து கொடுக்க வேண்டாம்.

கூகுளே வேண்டாம், வேர்ட்பிரஸ்ஸில் சொந்த ஃபோம் பிளகின் போடுவோம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். யார் அதை அப்டேட் பண்ணுவது? 2020 டிசம்பரில் கொண்டெக்ட் ஃபோம் 7 என்ற, 50 லட்சம் தளங்களுக்கு மேல் பாவித்த பிளகினிலேயே கோப்பு ஏற்றும் இடத்தில் ஓட்டை கண்டுபிடித்து அவசரமாக அடைத்தார்கள். எங்கட தளத்தில் போன நோன்புக்கால நேர அட்டவணையே இன்னும் மாற்றவில்லை.

இது பெரிய நாடுகளும் விழுந்த குழிதான். 2013 ஒக்டோபர் 1 இல் அமெரிக்கா மருத்துவக் காப்புறுதிக்கான தளத்தைத் திறந்தது. முதலில் கணக்குத் திற, பிறகுதான் பார்க்கலாம் என்று வைத்தார்கள். முதல் நாள் முழுவதும் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். காசு இல்லாமலா அப்படிப் போனது? எங்களுக்கும் நினைவிருக்கிறது, 2022 இல் எரிபொருள் கியூஆர் வந்தபோது கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து, முன்பின் தெரியாத பையனிடம் அடையாள அட்டையை நீட்டி நின்றோம். படிவம் கஷ்டமானால் சனம் இடையில் ஒருவரைத் தேடிப் போகும். அந்த ஒருவரிடம் எல்லா விபரமும் தங்கிவிடும்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. தளத்தில் ஒரு பட்டன், அமத்தினால் ஃபோம் தனியாக முழுத் திரையில் திறக்கட்டும். அதே லிங்கை வட்ஸ்அப் குழுக்களிலும் போடலாம், தளத்தைத் தேடி யாரும் அலையத் தேவையில்லை. கேள்வி ஆறு போதும்: பிள்ளையின் பெயர் (முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வேண்டாம், வாப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி எத்தனை சான்றிதழ் பிழைத்துப் போனது), பாடசாலை, வகுப்பு, தேவை என்ன, தொடர்புகொள்ள ஒரு போன் இலக்கம், கதைக்க வசதியான நேரம். காரணத்தை எழுத்தில் கேட்காதீர்கள். அதை ஒரு ஆசிரியையோ பள்ளி நிர்வாகத்தில் ஒருவரோ நேரில் கேட்கட்டும். அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் உதவி கொடுக்கும் அன்று கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். பதில் தாளைத் திறக்கக் கூடியவர்கள் இரண்டே பேர், பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும். பங்கீடு முடிந்ததும் அழிக்க வேண்டும். கடதாசிப் படிவமும் பாடசாலை அலுவலகத்தில் இருக்கட்டும், நிரப்பிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் என்கிறீர்கள். வருகிறோம். அந்த உம்மாவின் போன் மாதிரி ஒரு போனும், 50 ரூபாய்க்கு டேட்டா போட்ட சிம்மும் கொண்டு வருவோம். எம்பெட்தான் வேண்டும் என்கிற தம்பி அதில் திறந்து, கடைசிப் பட்டன் வரைக்கும் போய்க் காட்டட்டும்.