சுழலும் வர்ணமும் விலைபோகும் கையொப்பமும்

பொருள் வேண்டாம், உருவம் வேண்டாம், தற்செயலாகச் சிந்திய வர்ணம் ஒன்றே கலைக்குப் போதும் என்று வாதிடுவோர் உளர். அவர்கள் சான்றாகக் காட்டுவனவற்றுள் ஒன்று சுழல் ஓவியம். அதனையே எடுத்து ஆராய்வோம்.

செய்முறை எளிது. பெரிய கன்வஸ் ஒன்றைக் கிடையாகப் பொருத்தி மோட்டாரினாற் சுழற்றுகின்றனர். மேலிருந்து வர்ணம் ஊற்றப்படுகின்றது. நீர்த்த வர்ணம் விளிம்பை நோக்கிக் கதிர்களாகப் பாய்கின்றது. தடித்தது மெல்ல நகர்ந்து பட்டையாகப் படிகின்றது. எந்த நிறம் முந்துவது, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது என்பவற்றை மனிதனே தீர்மானிக்கின்றான். எஞ்சியதை இயக்க விதி செய்கின்றது. எனவே இதனை வெறுந் தற்செயல் என்பது தவறு. விதியை அறிந்த கை அதனை ஏவல் கொள்கின்றது.

இம்முறை எவருடைய தனிச்சொத்துமன்று. 1962 இல் பாரிஸ் நகரிலே அல்ஃபொன்ஸ் ஷில்லிங் பெரிய வட்டங்களைச் சுழற்றி வரைந்தார். களியாட்டு விழாக்களிலும் சிறுவர் விளையாட்டிலும் அது பழகிய பொருள். 1993 இல் இலண்டனின் ஹொக்ஸ்டன் பகுதியில் நடந்த தெருவிழாவொன்றில் டேமியன் ஹேர்ஸ்ட், அங்கஸ் ஃபெயார்ஹேர்ஸ்ட் என்னும் இளம் ஓவியர் இருவர் கோமாளி வேடமிட்டுச் சுழல் ஓவியக் கடை விரித்தனர். ஒரு பவுண் கொடுத்த எவரும் தாமே ஓவியம் ஆக்கலாம். இருவரும் அதிற் கையொப்பமிடுவர். அத்தெருவிழாவில் நாம் குறை காணவில்லை. வழிப்போக்கனும் அன்று வர்ணத்தைத் தன் கையால் ஊற்றினான்.

அதன்பின் நடந்தது யாது? சக்கரம் அதுவே, வர்ணமும் வீட்டுக் கதவுக்குப் பூசும் வர்ணமே. ஆயினும் ஹேர்ஸ்டின் பெயர் தாங்கிய வட்டங்கள் செல்வர் மாளிகைகளை அடைந்தன. அவரது கலைக்கூடத்திற் கூலிக்கு உழைத்த கைகள் பல. சந்தையில் விலைபோன பெயரோ ஒன்றே. 2008 செப்ரெம்பர் 15 இல் லீமன் பிரதர்ஸ் வங்கி முறிந்தது. அதே நாள் இலண்டனிலே தொடங்கிய இருநாள் ஏலத்தில் ஹேர்ஸ்டின் ஆக்கங்கள் 11 கோடி பவுணுக்கு மேல் விலைபோயின. 2023 இலோ வாங்குவோர் நிறங்களைத் தெரிய, கணினி படத்தை ஆக்க, அதுவும் அவர் பெயராலே விற்கப்பட்டது. சக்கரம் மறைந்தது; வர்ணத்தை ஊற்றிய கையும் மறைந்தது; பெயர் மட்டும் எஞ்சியது. தற்செயலின் விடுதலை என்று புகழப்பட்டது இறுதியிற் பண்டமாகவே முடிந்தது.

"விரும்புபவன் வாங்குகின்றான், உமக்கென்ன?" என்பர். நமக்கு உண்டு. விலையே கலையின் அளவுகோல் என்று மாணவன் நம்பத் தொடங்கும்போது, தன் கையில் உள்ள தூரிகையை அவன் இழிவாக எண்ணத் தொடங்குகின்றான். இந்த இழப்பை எந்த ஏலக் கணக்கும் காட்டாது.

நம் அணியிலும் ஒரு தவறு உண்டு. பொருளற்ற வர்ணம் யாவும் சீரழிவு என்று ஒரேயடியாக ஒதுக்குவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர். நிறங்கண்டு மகிழ்தல் முதலாளியின் உடைமையா? அதனை அவனுக்கு எழுதிக்கொடுக்க நாம் யார்? நாம் எதிர்ப்பது சக்கரத்தை அன்று; பலர் உழைப்பை ஒரு பெயருக்குள் அடைத்து விற்கும் முறையையே.

ஆசிரியர்களே, பழைய மோட்டார் ஒன்றும் ஒரு தட்டும் கிடைத்தால் வகுப்பிலே சுழற்றிக் காட்டுங்கள். இயக்க விதியையும் நிறங்களின் உறவையும் மாணவர் ஒருங்கே கற்பர். ஓவியம் உலர்ந்ததும் வர்ணம் ஊற்றிய பிள்ளைகள் அனைவரின் பெயரையும் அதன் பின்புறம் எழுதி, வகுப்பறைச் சுவரிலே மாட்டுங்கள்.