சாவிக்கொத்து யார் வீட்டில கிடக்குது?

"எல்லாம் கிளவுட்ல கிடக்கு, பயப்பிடாத." கம்பியூட்டர் வேலை செய்யிற எங்கட பெடியள் இதை அவ்வளவு நிம்மதியாகச் சொல்லுவார்கள். நான் சண்டை பிடிக்க வந்தது அந்த நிம்மதியோடுதான்.

வெருகலில் ஒரு சங்கத்தின் கணினி பழுதானால் திருத்துகிறவர் பஸ் ஏறி வரத் தேவையில்லை. திருகோணமலையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டே ரிமோட்டில் உள்ளே வரலாம். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களைப் பார்க்கிறவர், எல்லாவற்றின் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் சேர்த்து வைப்பார். அதுதான் சாவிக்கொத்து. அதை எங்கே வைக்கிறாய் என்று நாங்கள் கேட்பதேயில்லை.

சிலர் தங்கட லப்டொப்பிலேயே வைக்கிறார்கள். பலர் பாவிக்கிற இலவச மென்பொருளான எம்ரிமோட்என்ஜி, நாங்கள் மாற்றாவிட்டால் தொடர்புகளை லப்டொப்பில் ஒரு ஃபைலாகத்தான் சேமிக்கும். சொந்தமாக ஒரு பாஸ்வேர்ட் போடாவிட்டால், ஊர் உலகத்துக்கே தெரிந்த ஒரு பொதுச் சொல்லால்தான் அதைப் பூட்டும். ஃபைல் கையில் கிடைத்தவன் நிமிசத்தில் திறப்பான். லப்டொப் தண்ணிக்குள் போனாலோ, வைத்திருந்தவர் கட்டாருக்குப் போனாலோ சங்கம் வெளியில நிற்கும்.

அப்ப கிளவுட் பத்திரமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. அந்தக் காலத்துக்குத் தனியாக வைத்த பிரதி இருக்கவில்லை. பாஸ்வேர்ட் காப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸிலும் 2022இல் வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகளைத் திருடிக்கொண்டு போனார்கள்.

ஆகவே லப்டொப்பா கிளவுட்டா என்ற வாதம் வீண். கேட்க வேண்டியது வேறு. அந்த ஆள் இல்லாத நாளில், லைன் இல்லாத நாளில், எங்களால் அதைத் திறக்க முடியுமா? அவர் விலகினால் அவருடைய வழியை மட்டும் அடைக்க முடியுமா?

இரண்டு பேருக்கு மேல் வேலை செய்தால் பொதுத் தரவுத்தளம் ஒன்றில் வையுங்கள், ஆளுக்கொரு கணக்கோடு. பூட்டிய பிரதி ஒன்று இணையத்தோடு தொடுக்காமல், வெருகலுக்கு வெளியே இருக்கட்டும். மகாவலி பெருகினால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகக் கூடாது. முதன்மைப் பாஸ்வேர்டை உறையில் இட்டு ஒட்டி, செயலாளரிடம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கொருக்கா அந்தப் பிரதியில் இருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பாதீர்கள்.

"சின்னச் சங்கத்துக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்பார்கள். அந்தக் கணினிக்குள் கிடப்பது சனத்தின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடன் கணக்கு. பெயர்ப்பட்டியல் யார் கைக்குப் போகுது என்பது எங்கட பக்கத்தில் சின்ன விசயமில்லை. 2004 சுனாமியிலும் 2006 இடப்பெயர்விலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டு கந்தோர் கந்தோராக அலைந்த சனம் இது. ஒரேயொரு பிரதி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்: சாவிக்கொத்து எங்கே, வேறு யாருக்குத் திறக்கத் தெரியும்? பதில் ஒரே ஆளின் பெயராக இருந்தால், அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.